யாருடைய பாகம்?

பலாலி

சென்னையிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். தரமணியில் வேலை முடிந்து தாம்பரம் போய்ச் சேர, மழை பெய்த மாலைகளில் எனக்கு இதைவிட அதிக நேரம் பிடிக்கிறது. சின்ன விமானம், சின்ன நிலையம். ஓடுபாதைக்கு அப்பால் செம்மண், அதற்கப்பால் பனை. பனை நம்மிடமும் உண்டு. ஆனால் ஊரையே வேலி போட்டு வைத்தது மாதிரி நிற்கும் பனையை நான் இராமநாதபுரம் பக்கம்கூடப் பார்த்ததில்லை.

குடிவரவு மேசையில் இருந்தவர் கடவுச்சீட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "என்ன வேலை செய்யிறியள்?"

"மருத்துவ இயற்பியல்."

"டொக்டரோ?"

"இல்லை. டாக்டர் எழுதிக் கொடுக்கிற அளவு கதிர்வீச்சு மெஷினிலிருந்து சரியாக வருகிறதா என்று அளந்து பார்க்கிற ஆள்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப கடையளிலை வந்து படிக்கல்லு சரியோ எண்டு பாக்கிற ஆக்கள் மாதிரி." முத்திரை குத்திவிட்டார். பதினான்கு வருஷமாக என் அம்மாவுக்கு நான் விளக்கிப் புரியாத வேலை இது.

2019 ஜனவரியில் தரமணியில் அப்பல்லோ புரோட்டான் மையம் திறந்தது. தெற்காசியாவின் முதல் புரோட்டான் சிகிச்சை மையம் அது. அதே வருஷம் அக்டோபரில் பலாலிக்கு யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று பெயர் வந்து, நவம்பரில் சென்னைக்கு விமானம் ஓடத் தொடங்கியது. நடுவில் கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் நான் பார்க்கப் போகிற குடும்பத்தின் கதையில் இவை அடுத்தடுத்து வருகின்றன.

அந்தக் குடும்பத்தின் ஊர் குருநகர். பெயர்கள் வேண்டாம் என்றார் பையனின் அம்மம்மா. "எழுதுங்கோ பிள்ளை, அதுக்கென்ன. பேர் மட்டும் போடாதேங்கோ." போடவில்லை.

எங்கள் வேலையில் நோயாளியைப் பார்ப்பது அபூர்வம். அவர்கள் வருமுன், விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து கருவிகளை அடுக்கி அளந்து முடித்துவிடுவோம். இந்தப் பையனின் முகம் எனக்குத் தெரியுமுன்பே அவனுடைய முதுகெலும்பின் நீளம் தெரியும். ஒன்பது வயது. சிறுமூளைப் பக்கம் வந்த கட்டியை அறுவை செய்து எடுத்திருந்தார்கள். மிச்சமிருக்கும் செல்கள் முதுகுத்தண்டின் நீரில் பரவும் வகை என்பதால் மூளை முழுவதற்கும் தண்டு முழுவதற்கும் கதிர் கொடுக்க வேண்டும். ஒருநாள் காலையில் மின்தூக்கி அருகே அவனுடைய தாத்தா நின்றிருந்தார். கையில் தேநீர்க் கோப்பை, காலில் ரப்பர் செருப்பு. எங்கள் பெயரட்டையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இந்தக் கதிர் உள்ளுக்குப் போய் ஒரு இடத்திலை நிண்டிடும் எண்டு சொல்லினம். நிண்டிடும் எண்டு எப்பிடித் தெரியும் பிள்ளை?"

"அளந்து பார்க்கிறோம் ஐயா."

"எதிலை?"

"தண்ணீரில்."

அவர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பு வந்திருக்க வேண்டும். "தண்ணியை அளக்கிறது எங்கடை வேலையெல்லோ. ஒருக்கா ஊருக்கு வாங்கோ."

மாசி மாதத்தில், கடல் அடங்கியிருக்கும் நாட்களில் வரச் சொன்னார். வந்தேன்.

தெல்லிப்பழை

கூட்டிப்போக வந்திருந்தவர் பையனின் மாமா. பலாலியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வழியில் தெல்லிப்பழையில் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "இதுதான் எங்கடை புற்றுநோய் ஆஸ்பத்திரி. பாத்திட்டுப் போவம், நீங்கள் பாக்கவேணும்."

வடக்கில் இப்படி ஒன்று வருவதற்கு முன்னால் பலர் மகரகமைக்குத்தான் போக வேண்டியிருந்தது. அது கொழும்பின் ஓரத்தில் இருக்கிறது. போர்க்காலத்தில் வேறு நாட்டில் இருந்த மாதிரி. 2011 ஜூலையில் இதற்குப் பணம் திரட்ட நேத்தன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் முன்னின்று, தீவின் தென்கோடியில் தெய்வேந்திரமுனையில் நடக்கத் தொடங்கி, வடகோடியில் பருத்தித்துறையில் முடித்தார்கள். கிட்டத்தட்ட ஒரு மாதம், 650 கிலோமீட்டருக்கு மேல். வழியெங்கும் சேர்ந்த பணத்தில் எழுந்த கட்டடங்கள் இவை. போர் முடிந்து இரண்டே வருஷத்தில் தெற்கிலிருந்து வடக்குக்கு இப்படியும் ஒரு நடை நடந்திருக்கிறது. நான் சென்னையில் இருந்துகொண்டு இதைக் கேள்விப்பட்டதே இல்லை. 

உள்ளே போகவில்லை. வெளி வாசலில் காத்திருக்கும் முகங்கள் சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் இதே மாதிரிதான் இருக்கும். கையில் பெரிய கோப்பு, பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல், எதையும் பார்க்காத பார்வை. எல்லாருக்கும் புரோட்டான்தான் வேண்டும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. பெரும்பாலான புற்றுகளுக்கு வழக்கமான எக்ஸ்-கதிர்ச் சிகிச்சையே போதும். மூளையிலும் தண்டிலும் கட்டி வந்த வளரும் குழந்தைக்குத்தான் கணக்கு மாறுகிறது. முதுகு வழியாகப் போகும் எக்ஸ்-கதிர் தண்டோடு நிற்காது. முன்னால் இருக்கும் இதயம், நுரையீரல், குடல் எல்லாவற்றையும் கடந்து வெளியே போகும். அந்தப் பிள்ளைக்கு முன்னால் இன்னும் அறுபது வருஷம் இருக்கிறது.

குருநகர்

பழைய பெயர் கரையூர். யாழ்ப்பாண நகரத்தின் கடலோர விளிம்பு. கோட்டைப் பக்கமிருந்து கடற்கரை வீதியில் வந்தால் மணம்தான் முதலில் ஊர்ப் பெயரைச் சொல்கிறது: கருவாடு, டீசல், ஈர நைலான். ஐந்து மாடிக் குடியிருப்புகள், மாடி மாடியாகத் துணியும் வலையும். சந்துகள் குறுகல், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மாதா அல்லது அந்தோனியார், கண்ணாடிக் கூண்டுக்குள். சென்னையில் நம் காசிமேட்டு மீன்பிடித் துறையில் எல்லாமே சத்தமாக நடக்கும். இங்கே ஏலக் குரல்கூட ஓர் அளவோடுதான் எழுகிறது.

ஊருக்கு நார்வேயோடு பழைய உறவு. 1956இல் இங்கிருந்து நார்வேக்குப் போனவர் அன்ரனி இராசேந்திரம். அந்த நாட்டுக்குப் போன முதல் தமிழர் என்று அவரைச் சொல்வார்கள். அவர் வழியாகத்தான் பின்னாளில் சீநோர் என்ற மீன்பிடி நிறுவனம் வந்தது. படகு கட்டும் இடமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் வந்தன. மாமா காட்டிய திசையில் அந்தத் தொழிற்சாலை. "இப்ப எல்லா வீட்டிலையும் ஒராள் நோர்வேயிலை" என்றார். அந்த நார்வேயில் ஓஸ்லோவிலும் பெர்கனிலும் இப்போது புரோட்டான் மையங்கள் எழுந்திருக்கின்றன. இந்த ஊர்ப் பேரப்பிள்ளை யாராவது என் வேலையை அங்கே பனிக்காலையில் செய்துகொண்டிருக்கக்கூடும்.

பையன் வாசலில் நின்றான். தலைமுடி முளைத்திருந்தது, பின்பக்கம் மட்டும் கொஞ்சம் தயக்கமாக. "அன்ரி, நீங்கள் அந்த மெஷின் அன்ரியோ?" என்றான். ஆமாம் என்றேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவ்வளவுதான் விசாரிப்பு.

அம்மம்மா ஒடியல் கூழ் காய்ச்சியிருந்தார். கிழங்குக் காலம் இது. பனங்கிழங்கைக் கீறி, அவிக்காமல் வெயிலில் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியல் மாவில் ஒரு கசப்பு உண்டு. நீரில் ஊறவிட்டு, மேல்தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடி ஊறவிட வேண்டும். "எத்தனை தரம்?" என்று என் தொழில் புத்தியில் கேட்டேன். "வாயிலை வைச்சுப் பாத்து" என்றார். அதற்குள் நண்டு, இறால், ஒரா மீனின் தலை, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டு, அரைத்த செத்தல் மிளகாய், புளி. பனையோலையை மடித்துக் கோலிய பிளாவில் ஊற்றித் தந்தார். முதல் மிடறில் காது வரை உறைத்தது. நண்டுக்காலைக் கடித்து உறிஞ்சிக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே, இரண்டாவது பிளாவையும் நீட்டினேன். சென்னையில் கூழ் என்றால் கேழ்வரகு, ஆடி மாதம், மோர் மிளகாய். சாந்தமான சங்கதி.

தாத்தா, எனக்கு ஐயா, கூழ் குடித்து முடித்துத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "இப்ப சொல்லுங்கோ. முழுசாச் சொல்லுங்கோ."

சொன்னேன். பெரிய காந்தம் ஒன்று, 200 டன்னுக்கு மேல் எடை. அதற்குள் ஹைட்ரஜன் அணுவின் கரு, அதாவது புரோட்டான், சுற்றிச் சுற்றி வேகம் பிடிக்கும். வெளியே வரும்போது ஒளியின் வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு. அந்த வேகத்தில் தண்ணீருக்குள் விட்டால் சுமார் 33 சென்டிமீட்டர் ஓடி நிற்கும். வேகத்தைக் குறைத்தால் குறைந்த ஆழத்தில் நிற்கும். ஓடும்போது கொஞ்சமாகத்தான் சக்தியை விடும். தளரத் தளர அதிகம் விடும். நிற்கும் இடத்தில் கையிலிருப்பதை எல்லாம் கொட்டிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் இருந்த வில்லியம் பிராக், ரேடியத்தின் கதிர்களில் இதைக் கண்டார். இதை நோய்க்குப் பயன்படுத்தலாம் என்று 1946இல் எழுதியவர் ராபர்ட் வில்சன். அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். 1954இல் பெர்க்லியில் முதல் நோயாளி.

"கட்டி ஒரு புள்ளியில்லையே, பிள்ளை. கட்டி ஒரு உருண்டையெல்லோ."

அதுதான் கேள்வி. பழைய முறையில் கற்றையை ஏதாவதொரு தடுப்பின் மேல் விட்டுச் சிதறடித்து, அகலமாக்கி, பித்தளைத் துளை வழியாக உருவம் வெட்டி அனுப்புவார்கள். இப்போது கற்றையைப் பென்சில் மாதிரி மெல்லியதாகவே வைத்துக்கொண்டு, இரண்டு காந்தங்களால் இடம் வலமாகவும் மேல் கீழாகவும் அசைத்து, புள்ளி புள்ளியாகக் கட்டியை நிரப்புகிறோம். ஆழமான அடுக்கு முதலில். பிறகு வேகத்தைக் குறைத்து அடுத்த அடுக்கு. ஒரு பிள்ளைக்கு ஆயிரக்கணக்கான புள்ளிகள். ஸ்விட்சர்லாந்தில் பால் ஷெரர் ஆய்வகத்தில் 1996இல் இப்படிச் சிகிச்சை தொடங்கினார்கள். தரமணியில் ஆரம்பத்திலிருந்தே இதுதான்.

அம்மம்மா பேச்சைக் கேட்டபடியே மடியில் வலையைப் போட்டு வலை பொத்திக்கொண்டிருந்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, விரல்களுக்கு நடுவே ஓடவிட்டு, பிய்ந்த கண் வந்ததும் நிறுத்துவார். "அப்ப ஒரு புள்ளி விட்டுப் போச்செண்டா?" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

ஒரு புள்ளி தவறினால் ஓட்டை. புள்ளிகள் ஒன்றிலிருந்து ஒன்று தள்ளிப் போனாலும் நடுவில் மெலிவு. அதனால்தான் பையன் மேல் ஒரு புள்ளிகூட விழுவதற்கு முந்திய நாட்களில், அவனுக்கென்று எழுதிய திட்டத்தை அப்படியே நுண்ணிய உணரிகள் பதித்த பலகையின் மேல் ஓடவிட்டோம். கணினி சொன்னதும் பலகை சொன்னதும் 3 விழுக்காட்டுக்குள், 3 மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகிறதா என்று புள்ளி புள்ளியாகப் பார்த்தோம். சிகிச்சை நடக்கும்போது கற்றை வெளியே வரும் வாயிலேயே இரண்டு காற்றறைகள் உட்கார்ந்திருக்கும். இரண்டும் தனித்தனியாக எண்ணும். ஒன்று சொல்வதை மற்றது மறுத்தால் கற்றை நின்றுவிடும்.

"ரெண்டு பேர் எண்ணினால்தான் சரி" என்றார் அம்மம்மா. வட்டிக்கடைக்காரர் யாரையோ நினைத்துச் சொன்ன மாதிரி இருந்தது.

ஐயாவுக்கு அது போதவில்லை. "அளக்கிற சாமான் சரியெண்டு ஆர் சொன்னது?"

அவர் தன் கதையைச் சொன்னார். பெரிய கடலில் ஆழம் பார்ப்பது ஈயக்குண்டு கட்டிய கயிற்றில். குண்டு தரை தட்டியதும் இழுத்து, இரண்டு கையையும் விரித்து, நெஞ்சோடு சேர்த்து அளப்பது ஒரு பாகம். "எங்கடை அப்பு நெட்டையர். அவற்றை பாகம் நீளம். அவர் ஏழு எண்டு கத்தினா எனக்கு அது ஏழரை. ஆர் ஆழம் சொன்னாலும் முதல் கேக்கிறது, ஆற்றை பாகம்?"

நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பரீட்சையில் மாணவர்களிடம் நான் கேட்கும் கேள்வி இதுதான். எங்கள் கையிலிருப்பது விரல்நுனி அளவோ சின்னத் தட்டு அளவோ ஒரு காற்றறை. கதிர் பட்டதும் உள்ளே காற்று அயனியாகி மின்னூட்டம் வரும், அதை எண்ணுகிறோம். அந்த அறைக்கு அளவுச் சான்று கொடுப்பது பெரும்பாலும் கோபால்ட்-60 கதிரில், புரோட்டானில் அல்ல. கோபால்ட்டில் கற்ற அறையைப் புரோட்டானில் பேசவைக்க ஒரு திருத்தக் காரணி வேண்டும். சர்வதேச அணுசக்தி முகமை 2000இல் வெளியிட்டு 2024இல் புதுப்பித்த விதிநூலில் அந்த எண்கள் இருக்கின்றன. நெட்டையரின் ஏழைக் குட்டையரின் ஏழரையாக்கும் கணக்கு.

அந்த உற்சாகத்தில் என் பழைய பிழையையும் சொல்லிவிட்டேன். பயிற்சிக் காலம், வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி, மே மாதம். மாடித் தொட்டித் தண்ணீரை நேரே அளவைத் தொட்டியில் நிரப்பி, சுவரில் தொங்கிய வெப்பமானியில் 21 என்று பார்த்து எழுதி, அளந்து முடித்துவிட்டேன். இரண்டு விழுக்காடு உதைத்தது. மெஷினைக் குற்றம் சொல்லி நீளமாக ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது, மூத்த அக்கா ஒருவர் வந்து ஒன்றும் பேசாமல் தொட்டிக்குள் விரலை விட்டார். தண்ணீர் வெதுவெதுப்பு. 27 டிகிரி. அறைக்குள் இருக்கும் காற்று தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொள்ளும், சுவரின் சூட்டை அல்ல. காற்று சூடாகி விரிந்தால் அறைக்குள் அதன் எடை குறையும், எண்ணிக்கையும் குறையும். மூன்று டிகிரிக்கு ஏறக்குறைய ஒரு விழுக்காடு.

ஐயா வெகுவாக ரசித்தார். "தண்ணிக்கை கை வைக்காமல் தண்ணியைப் பற்றிக் கதைச்சிருக்கிறியள்."

முற்றத்துச் சுவரில் ஒரு நீளக் கம்பு சாய்ந்திருந்தது. ஆழமில்லாத பரவைக்கடலில் வள்ளத்தைத் தள்ளிப்போகும் கம்பு. தாங்குவது என்கிறார்கள். அதன் அடி சேற்றில் தோய்ந்து கறுத்திருந்தது. எனக்கு அது பிடித்துப்போயிற்று. இயந்திரம் இல்லை, பேட்டரி இல்லை, ஒரே கம்பில் ஓட்டமும் அளவும்; இதை எங்கள் கருவி அறையில் ஒரு மூலையில் வைக்க வேண்டும் என்று சொன்னேன். ஐயா சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

யாகப்பர் கோயிலடி

மாலையில் அம்மம்மாவோடு புனித யாகப்பர் ஆலயத்துக்குப் போனேன். பையனும் வந்தான். 1993 நவம்பர் 13 அன்று விமானக் குண்டு விழுந்த கோயில். மீண்டும் எழுப்பி, வெள்ளையடித்து, உயரமாக நிற்கிறது. 1986 ஜூன் 10 அன்று மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குப் போன இந்த ஊர்க்காரர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். தேதிகளை எனக்குச் சொன்னது மாமாதான். அம்மம்மா தேதி சொல்லவில்லை. மெழுகுதிரி ஏற்றிவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்.

"மேலையிருந்து வாறது எதெண்டாலும் எனக்குப் பயம் பிள்ளை. அந்த மெஷின் தலைக்கு மேலாலை சுத்துமெல்லே, உங்கை." கேன்ட்ரியைச் சொல்கிறார், நோயாளியைச் சுற்றிவரும் மூன்று மாடி உயர இரும்புச் சக்கரம். "அதுவும் பரவாயில்லை. பிள்ளையைக் கட்டிலிலை கிடத்திப்போட்டு, எல்லாரும் வெளியிலை வாங்கோ எண்டினம். நேர்சுமார், மற்றாக்கள், எல்லாரும். நாங்கள் அந்த நாளையிலை ஹெலி சத்தம் கேட்டா பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள்ளை ஓடின ஆக்கள். பிள்ளையைத் தனிய உள்ளுக்கு விட்டிட்டு, பெரியாக்கள் நாங்கள் சுவருக்குப் பின்னாலை..."

அந்தச் சுவரின் கனம் எனக்குத் தெரியும். ஓர் ஆள் உயரத்துக்கும் மேலான தடிமன் கான்கிரீட். அது நம்மைக் காக்கத்தான் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறேன். அன்று ஒன்றும் சொல்ல வரவில்லை. பையன் கோயில் முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடியை உதைத்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் இறங்குதுறை. இழுவைப் படகுகள் ஒருபுறம், ஃபைபர் படகுகள் மறுபுறம். வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் மாமாவிடம் என்னை விசாரித்தார். இந்தியாவில் எந்த ஊர் என்றார். சென்னை என்றதும், "உங்கடை ரோலர்காரர் வந்து அள்ளிக்கொண்டு போகினம், வலையும் அறுந்து போகுது. உங்களுக்குச் சொல்லி என்ன" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மழை வரவில்லை என்பதைப் போலச் சொன்னார். அடியிழுவை வலையை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. குருநகரிலேயே இழுவைப் படகு வைத்திருந்தவர்கள் உண்டு. அதனால் ஊருக்குள்ளும் இது சுலபமான பேச்சில்லை. ராமேசுவரத்தில் படகு பிடிபட்டவர்களின் மனைவிகள் பேசுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சின் இந்தப் பக்கத்தை நேரில் கேட்டது இதுதான் முதல் தடவை. பதில் என்னிடம் இல்லை.

அவர்தான் அதையும் சொன்னார், போகிற போக்கில். "இவையின்ரை போட்டும் இதிலைதான் நிண்டது. நல்ல எஞ்சின். பெடிக்கு வருத்தமெண்டோடனை வித்திட்டார். இப்ப கிழவன் கம்பு தாங்குது."

மாமா வேறு பக்கம் பார்த்தார்.

ஃபைபர் படகும் எஞ்சினும் வலைத் தொகுதியும் போய், நார்வே உறவினர் அனுப்பியதும் சேர்ந்து, சென்னையில் இரண்டு மாத வாடகை, சிகிச்சை எல்லாம் முடிந்திருக்கின்றன. எங்கள் அறையில் ஒவ்வொரு நாளும் புள்ளி விழும் இடத்தை மில்லிமீட்டரில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பதிவேட்டில் இதற்குக் கட்டம் இல்லை. கருவி அறையில் வைக்க வேண்டும் என்று சொன்ன கம்பு ஞாபகம் வந்தது. இரவு முழுக்க அந்த வாக்கியம் என்னைக் கூச வைத்தது.

பரவைக்கடல்

ஐயா நாலரை மணிக்கு எழுப்பினார். எனக்கு அது பழக்கமான நேரம்தான். பாணும் சம்பலும், பிளேன்ரீ. பையனும் எழுந்து நின்றான். பள்ளிக்கூடம் இல்லாத நாள்.

வள்ளம் சின்னது. ஐயா பின்னால் நின்று கம்பை ஊன்றித் தள்ள, கரை விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. வலப்புறம் கோட்டையின் இருட்டு, பண்ணைப் பாலத்தில் ஒரு லாரி வெளிச்சம், முன்னால் மண்டைதீவு. காற்றே இல்லை. சோளகக் காற்று தொடங்கினால் இப்படி இருக்காதாம். களங்கட்டி வலைகளின் கம்புகள் நீருக்கு மேல் வரிசையாக நின்றன. மெரினாவில் கடல் என்பது இரைச்சல். இங்கே கம்பிலிருந்து சொட்டும் தண்ணீர்கூடக் கேட்கிறது.

மன்னிப்புக் கேட்கும் தொனியில் நேற்றுச் சொன்னதைப் பற்றி ஆரம்பித்தேன். "போட்டு ஒண்டு வாங்கலாம்" என்று முடித்துவிட்டார். பிறகு கம்பைத் தண்ணீருக்குள் விட்டு, கையை நிறுத்தி, "இது சேறு" என்றார். கொஞ்சம் போய், "இப்ப சாதாளை." இன்னும் போய், "மணல்." கண் மேலே, கை கீழே. எங்களுக்கும் தரைதான் தொல்லை. தண்ணீரில் ஒரு மில்லிமீட்டருக்குள் சொல்லிவிடுவோம். உடம்பு தண்ணீர் இல்லை. எலும்பு, கொழுப்பு, காற்று. ஸ்கேன் படத்தின் சாம்பல் நிறத்தை வைத்துப் புரோட்டான் எவ்வளவு தூரம் ஓடும் என்று கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கை முழுக்க நம்ப முடியாததால் ஆழத்தில் மூன்றரை விழுக்காடும் மேலே ஒரு மில்லிமீட்டரும் விட்டு வைப்பது பல மையங்களின் வழக்கம். பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அது ஆறு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வளரும் பிள்ளைகளுக்கு இன்னொன்று: முதுகெலும்பின் ஒரு பாதிக்கு மட்டும் கதிர் பட்டால் வளர்த்தி கோணலாகும். அதனால் எலும்பு முழுவதையும் வேண்டுமென்றே சேர்த்துக்கொள்கிறோம்.

"மீன் நிக்காதே ஓரிடத்திலை. கட்டி நிக்குமோ?" என்றார்.

மூளையில் நிற்கும். நுரையீரலில் நிற்காது. மூச்சோடு ஏறி இறங்கும். கற்றையும் அசைய, கட்டியும் அசைய, புள்ளிகள் ஓரிடத்தில் குவிந்து ஓரிடத்தில் விட்டுப்போகும். அதற்காக ஒரே அடுக்கைப் பல தடவை மெல்லியதாகத் தீட்டுவார்கள், அல்லது மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். வீச்சு வலைக்கும் இதற்கும் ஒப்புமை சொல்ல வாயெடுத்தேன். "அது வேறை, இது வேறை" என்று நிறுத்திவிட்டார். நியாயம்தான். உவமை எனக்குத்தான் தேவைப்பட்டது.

கிழக்கு வெளுத்தது. வலையை இழுத்தார். நாலைந்து நண்டு, கொஞ்சம் திரளி, ஒரு ஒரா. எஞ்சின் இருந்த காலத்தில் இதைக் கூடையில்கூடப் போட்டிருக்க மாட்டாராம்.

என் அலைபேசி ஒலித்தது. இங்கேயும் சிக்னல் இருந்தது. யார் என்று கேட்டார். "எங்கள் ஆட்கள்தான்."

"நீங்கள் இஞ்சை. அப்ப இண்டைக்கு ஆர் அளந்தது?"

வந்திருந்த குறுஞ்செய்தியை வாசித்துக் காட்டினேன். ஆழம் 0.3 மில்லிமீட்டர் வித்தியாசம், அளவு 0.6 விழுக்காடு, புள்ளிகள் எல்லாம் இடத்தில். முதல் நோயாளி உள்ளே வருகிறார்.

"ம்" என்றார்.

பையன் கம்பைக் கேட்டான். அவன் உயரத்துக்கு அது மூன்று மடங்கு. இரண்டு கையாலும் பிடித்து, வள்ளம் ஆட, நேராக இறக்கினான். அடி தட்டியதும் விரலால் அடையாளம் பிடித்து மேலே இழுத்து, முழங்கையை வைத்து எண்ணினான்.

"ரெண்டு முழம் அப்பு! மணல்!"

ஐயா தலையாட்டினார். கம்பை அவன் கையிலிருந்து வாங்கி, அதே இடத்தில் மறுபடி இறக்கினார்.